எஞ்சின் ஆடுதா? போல்ட்டை முறுக்காதீங்க, பலகையைத் தட்டிப் பாருங்க

மகாபலிபுரத்துக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க? கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், மீன் வறுவல், நாலு செல்ஃபி, திரும்ப ஈசிஆர் பஸ். அடுத்த தடவை போகும்போது, மணலில் ஏத்தி வச்சிருக்கிற ஃபைபர் படகுகளோட பின்பக்கத்தை ஒரு நிமிஷம் பாருங்க. எஞ்சினைத் தாங்குற அந்தத் தட்டையான பின்சுவருக்குப் பேர் ட்ரான்சம். இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

என் கிளாஸ்மேட் ஒருத்தனோட அப்பா கொக்கிலமேட்டில் கடலுக்குப் போறவர். போன கோடை லீவில் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். "எஞ்சின் லேசா ஆடுதுப்பா. நீ மெக்கானிக்கல்தானே, என்னன்னு பாரு" என்றார். நானும் பெரிய ஆள் மாதிரி, "போல்ட்டை டைட் பண்ணிட்டு, பின்னாடி ஒரு அலுமினியத் தகடு வச்சா போதும் அங்கிள்" என்று சொல்லிட்டேன். அது சுத்தமாத் தப்பு. ஏன் தப்புன்னு புரிய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

உள்ளே என்ன இருக்கு?

ஃபைபர் படகு என்றால் முழுக்க ஃபைபர்னு நினைக்காதீங்க. பல படகுகளில் ட்ரான்சம் ஒரு சாண்ட்விச். வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. ஐ-பீமில் ஃபிளாஞ்ச் ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கிறதாலதான் அதுக்கு அவ்வளவு பலம். இங்கே தோல்தான் ஃபிளாஞ்ச், பிளைவுட்தான் வெப்.

ஒரு கணக்கு போடுவோம். தோல் ஒவ்வொன்றும் 5 மி.மீ., நடுவில் பிளைவுட் 36 மி.மீ. என்று வச்சுக்கோங்க. மூணும் ஒண்ணா ஒட்டி இருந்தால், ரெண்டு தோலும் சேர்ந்து தர்ற மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, அதே தோல்கள் தனித்தனியா வளையும்போது கிடைக்கிறதைவிடச் சுமார் 200 மடங்கு. நடுவில் இருக்கிற மரம் மக்கிட்டால் அந்த 200 கிட்டத்தட்ட 1-க்கு வந்துடும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே ஒண்ணுமே இருக்காது.

இப்போ சுமை. அவுட்போர்டு எஞ்சின் 1000 நியூட்டன் தள்ளுது, ப்ரொப்பல்லர் ட்ரான்சம் உச்சியிலிருந்து அரை மீட்டர் கீழே இருக்கு என்று எடுத்துக்கோங்க. மொமென்ட் 500 நியூட்டன் மீட்டர். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்றால், ஒவ்வொரு வரிசையிலும் 2500 நியூட்டன் இழுக்கும், இல்லை அமுக்கும். அது போக எஞ்சின் அதிர்வு, கரையேறும்போது பின்னால் வந்து மோதுற அலை. இதெல்லாம் தினமும்.

தண்ணி எப்படிப் போச்சு?

கட்டுமரக் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரிச்சு மணலில் காயப் போட்டுடுவாங்க. அப்புறம் ஃபைபர் வந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தோட வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் தொடங்கி, சென்னையில் அலுவலகம் வச்சு, அலையைத் தாண்டி மணலிலேயே கரையேறுற படகுகளை உருவாக்கிச் சோதிச்சது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா வந்த ஃபைபர் படகுகள் இந்தக் கரையோட முகத்தையே மாத்திடுச்சு. ஃபைபர் லேசு, வேகம், பராமரிப்பும் கம்மி. ஆனால் உள்ளே மூடி வச்ச மரத்தைப் பிரிச்சுக் காயப் போட வழியில்லை.

தண்ணி நுழையுற வாசல் பெரும்பாலும் போல்ட் ஓட்டைதான். ஓட்டை போட்டப்போ பிளைவுட்டோட ஓரம் திறந்துடுது. அதை சீல் பண்ணாமல் போல்ட்டை மாட்டினால், அதிர்வில் ஓட்டை அகலமாகி, தண்ணி உள்ளே போய்த் தங்கிடும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. நான் சொன்ன அலுமினியத் தகடு என்ன பண்ணியிருக்கும்? இன்னும் நாலு புது ஓட்டை. போல்ட்டை முறுக்கியிருந்தால்? மக்கின மரத்தை இன்னும் நசுக்கியிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சின்ன சுத்தியலோட கைப்பிடியால் ட்ரான்சம் முழுக்கத் தட்டுங்க. நல்ல இடத்தில் 'டக் டக்'னு கெட்டியாக் கேட்கும், மக்கின இடத்தில் 'பொத் பொத்'. சந்தேகமான இடத்தில் உள்பக்கத்திலிருந்து 3 மி.மீ. துளை போடுங்க. தூள் வெளிர் நிறத்தில் காய்ந்து வந்தால் நல்லது. கறுப்பா, ஈரமா, புளிச்ச வாசனையோட வந்தால் வேலை இருக்குன்னு அர்த்தம். அங்கிளோட படகில் டீத்தூள் மாதிரி வந்தது. அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. ஏன்னா அந்த எஞ்சினை நம்பித்தான் அவர் விடிகாலை இருட்டில் கரையை விட்டுப் போறார். நடுக்கடலில் ட்ரான்சம் பிளந்தால் எஞ்சினும் போகும், அந்த வழியாகத் தண்ணியும் உள்ளே வரும்.

சரி பண்றது எப்படி?

1. எஞ்சினைக் கழற்றுங்க. உள்பக்கத் தோலை மட்டும், ஓரத்தில் கொஞ்சம் விட்டுட்டு வெட்டி எடுங்க. வெளித்தோல்தான் உங்க அச்சு, அதைத் தொடாதீங்க.

2. மக்கின மரத்தை முழுசாச் சுரண்டி எடுங்க. "இது கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு" என்று ஈரமானதை விட்டுவச்சால், அங்கிருந்தே மறுபடி ஆரம்பிக்கும். நல்ல தண்ணியில் கழுவி உப்பைப் போக்கி, வெயிலில் நல்லாக் காயவிடுங்க. காய்ஞ்சதான்னு தெரிய, பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் முழுக்க டேப் போட்டு ஒட்டுங்க. மறுநாள் உள்ளே நீர்த்துளி இருந்தால் இன்னும் காயலை. அதனால்தான் மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம்.

3. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை, பழைய தடிமன் அளவுக்கே வெட்டுங்க. 18 மி.மீ. பலகை ரெண்டு சேர்த்தால் 36. ஓரங்களுக்கு ரெசினை நல்லாப் பூசுங்க, மரம் தண்ணி குடிக்கிறதே அங்கேதான்.

4. ரெசின் எது? மரத்தில் எபாக்சி நல்லாப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம். பாலியெஸ்டர் மலிவு, பிடிப்பு குறைவு. எபாக்சி மேலே பாலியெஸ்டர் சரியா ஒட்டாது, அதனால் எபாக்சியில் தொடங்கினால் எபாக்சியிலேயே முடிங்க. காற்று இடைவெளி இல்லாதபடி கெட்டியான ரெசின் கலவை பூசி, பலகையைப் பதிச்சு, கிளாம்ப் போட்டு இறுக்குங்க.

5. வெட்டின தோலோட ஓரத்தைச் சரிவாத் தேய்ங்க. 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. நீளச் சரிவு. மூலைகளை வளைவா நிரப்பிட்டு, மேட்டும் ரோவிங்கும் மாத்தி மாத்தி, ஒவ்வொரு லேயரும் முந்தினதைவிட அகலமா, படகோட பக்கச் சுவர் வரைக்கும் ஏத்துங்க.

6. முக்கியமானது இது. 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. ஓட்டை போட்டு, அதை எபாக்சி கலவையால் முழுசா அடைச்சு, இறுகினதும் நடுவில் 12 மி.மீ. துளை போடுங்க. இனி போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. பெரிய வாஷர் வச்சு, சீலன்ட் போட்டு மாட்டுங்க.

ஒரு எச்சரிக்கை. பாலியெஸ்டர் வேலையில் ஹார்ட்னரையும் கோபால்ட்டையும் நேரடியா ஒண்ணாக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, மாஸ்க் கட்டாயம். நம்ம ஊர் வெயிலில் ரெசின் மக்கிலேயே இறுகிப் புகையும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்துக்கோங்க.

அங்கிளோட படகை, பல வருஷமா ஃபைபர் வேலை பார்க்கிற ஒரு அண்ணன்தான் செஞ்சார். நான் சாண்ட்பேப்பர் தேய்ச்சேன், மேட் வெட்டிக் கொடுத்தேன். 200 மடங்கு கணக்கைச் சொன்னப்போ அவர் சிரிச்சுட்டு, "அதான் தம்பி, கட்டை செத்தா போட்டு செத்துச்சு" என்றார். நாலு வருஷம் நான் படிச்சதை அவர் ஒரே வரியில் முடிச்சுட்டார்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. எதுவாவது ஆடினால், இறுக்குறதுக்கு முன்னாடி அது ஏன் ஆடுதுன்னு கேளுங்க.