விடுபட்ட ஏழாம் பகுதி

ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர் இடைச்செருகல்களை இனங்கண்டு நீக்கி, மூலபாடத்தைத் தொடர்ச்சியாக அமைப்பார். இதனையொத்த பதிப்புப்பணி, உட்கருவுள்ள நம் உயிரணுக்களில் இடையறாது நடைபெறுகிறது. டி.என்.ஏ.விலுள்ள மரபணுச் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படியில், புரதத்திற்கான செய்தியைத் தாங்கிய எக்ஸான்களுக்கு நடுவே இன்ட்ரான்கள் என்னும் பகுதிகள் குறுக்கிட்டுக் கிடக்கும். அவற்றை வெட்டி அகற்றி, எக்ஸான்களை ஒன்றோடொன்று இணைக்கும் செயலே ஸ்பிளைசிங் எனப்படும். ரிச்சர்டு ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் இவ்வுண்மையை 1977இல் வெளிப்படுத்தின. அதற்காக இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

பதிப்பாசிரியர் உண்மையான பாடல் ஒன்றையே இடைச்செருகல் என்று கருதி நீக்கிவிட்டால் என்னாகும்? உயிரணுவிலும் அத்தகைய பிழை நேர்வதுண்டு. அப்பிழையைத் திருத்த முனைந்தவர் ஏட்ரியன் கிரைனர். உருகுவே நாட்டின் மான்டெவிடியோ நகரில் பிறந்த இவர், அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பணியாற்றும் மூலக்கூறு உயிரியலாளர். ஸ்பிளைசிங் எவ்வாறு நிகழ்கிறது என்னும் அடிப்படை வினாவே மாணவப் பருவம்தொட்டு இவரை ஈர்த்தது. மருந்து காண்பது அப்போது இவருடைய நோக்கமன்று.

தண்டுவடத் தசைநலிவு நோய், ஏறத்தாழப் பதினாயிரம் குழந்தைகளுள் ஒன்றைத் தாக்குவது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன. இந்நோயின் கடும் வகைக்கு ஆளான குழந்தை, துணையின்றி உட்காரவும் இயலாது. மருத்துவம் இன்றேல் பெரும்பாலும் இரண்டு வயதிற்குள் மூச்சுத்திணறி இறக்கும். எஸ்.எம்.என்.1 என்னும் மரபணு செயலிழப்பதே இதற்குக் காரணம் என்பது 1995இல் தெரியவந்தது.

வியப்பு என்னவெனில், அம்மரபணுவிற்கு எஸ்.எம்.என்.2 என்னும் இரட்டை ஒன்று நம்மிடம் உண்டு. பின் ஏன் அது கைகொடுப்பதில்லை? அதன் ஏழாம் எக்ஸானில் சைட்டோசின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் தைமின் அமைந்துள்ளது. பவளம், பவழம் என்னும் போலியில் எழுத்து மாறினும் பொருள் மாறாததுபோல, இம்மாற்றமும் புரதத்தின் அமினோ அமிலத்தை மாற்றுவதில்லை. ஆயினும், வெட்டி இணைக்கும் அமைப்பு அவ்வெக்ஸானை அடையாளங்காணத் தவறி, பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால் உருவாகும் குறைப்புரதம் விரைவில் சிதைந்துவிடும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே முழுப்புரதமாகக் கிடைக்கிறது.

இப்பிழையை ஆராய்ந்த கிரைனர், அயோனிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட்டுடன் இணைந்தார். ஏழாம் எக்ஸானை அடுத்துள்ள இன்ட்ரானில், அவ்வெக்ஸானைச் சேர்க்கவிடாது தடுக்கும் ஒரு பகுதி உண்டு. அடக்கும் புரதங்கள் அங்கே வந்து அமர்கின்றன. அவ்விடத்தோடு பொருந்தி ஒட்டிக்கொள்ளும் 18 எழுத்து நீளமுள்ள செயற்கை இழை ஒன்றை இவர்கள் உருவாக்கினர். இழை இடத்தைப் பிடித்துக்கொள்ள, தடுப்புப் புரதத்திற்கு இடமில்லை. விடுபட்ட எக்ஸான் மீண்டும் சேர்ந்தது. மரபணுவின் ஓரெழுத்தைக்கூடத் திருத்தாமல், அதனைப் படிக்கும் முறையை மட்டும் திருத்திய நுட்பம் இது. நோயைச் சரிசெய்ய மரபணுவையே மாற்றவேண்டும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

நுசினெர்சென் எனப் பெயர்பெற்ற இம்மருந்து, முதுகுத்தண்டின் வழியே மூளைத்தண்டுவடத் திரவத்தில் செலுத்தப்படுகிறது. மனிதரிடம் இதன் ஆய்வு 2011இல் தொடங்கியது; 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மடிந்த நரம்பணுக்களை இது மீட்டுத் தராது. ஆகவே காலம் தாழ்த்தாமை இன்றியமையாதது. அறிகுறி தோன்றுமுன்பே மருந்து பெற்ற 25 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அனைவரும் உயிர்வாழ்ந்தனர். பெரும்பாலோர் தாமாகவே நடந்தனர்.

மருந்தின் விலையையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் இது விற்பனைக்கு வந்தபோது ஓர் ஊசியின் விலை 1,25,000 டாலர். முதலாண்டில் ஆறு ஊசிகள் தேவை. அதன்பின் நான்கு மாதங்களுக்கு ஒன்றாக, வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.