கொசுவுக்கும் கருணை உண்டோ?

மாலை வேளையில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவனின் கையில் கொசு வந்து அமர்ந்து கடிக்கிறது. அவன் ஏட்டினின்று கண்ணை எடுப்பதில்லை. மற்றக் கை தானே எழுந்து அடிக்கிறது. கொசு மாய்கிறது, படிப்புத் தொடர்கிறது. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்து நாட்டுப் பாலைநிலத்தில் வாழ்ந்த மக்காரியுஸ் என்னும் கிறித்தவத் துறவி, இதே செயலைச் செய்துவிட்டுப் பெரிதும் வருந்தினார். ஆறு திங்கள் சதுப்பு நிலத்தில் ஆடையின்றி அமர்ந்திருக்கும் தண்டனையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். காட்டுப் பன்றியின் தோலையும் துளைக்கும் கொசுக்கள் அங்கே இருந்தனவாம். திரும்பி வந்தபோது உருவம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருக்க, குரலைக் கொண்டே அவரை அறிந்தனர் என்று பல்லாதியுஸ் என்பார் எழுதிவைத்துள்ளார். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர் தம்மீது சாட்டிக்கொண்ட குற்றம், சினத்தால் பழிவாங்கினோம் என்பதே. அடிபட்ட கொசுவைக் காட்டிலும் அடித்த மனத்தைப் பற்றியே அவர் கவலைகொண்டார்.

கிறித்தவ சிந்தனை இவ்விரு முனைகளுக்கும் இடையே நெடுங்காலம் ஊசலாடி வந்திருக்கிறது. சமண அறவோரைப் போல எவ்வுயிரையும் கொல்லலாகாது என்று அச்சமயம் விதித்ததில்லை. விலங்குகளை ஆளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று ஆதியாகமம் கூறுகிறது. வெள்ளப் பெருக்குக்குப் பின் ஊன் உண்ணவும் இசைவு தருகிறது. ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது உபாகமம். பகைவனின் கழுதை சுமை தாங்காமல் விழுந்து கிடந்தாலும் உதவிசெய் என்கிறது யாத்திராகமம். ஓய்வுநாள் கால்நடைக்கும் உரியது.

சிட்டுக்குருவிகளைப் பற்றி இயேசு பெருமான் கூறியது மிகவும் இனியது. ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் என்கிறது மத்தேயு சுவிசேஷம். இரண்டு காசுக்கு ஐந்து என்கிறது லூக்கா. கணக்கிட்டுப் பாருங்கள்! ஐந்தாவது குருவி கொசுறாகக் கிடைப்பது. அதற்கு விலையே இல்லை. அந்தக் குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்பதே அங்குச் சொல்லப்படுவது.

ஆனால் மாட்டின் வாயைக் கட்டாதே என்ற அதே விதியை எடுத்துக்கொண்ட பவுல் அப்போஸ்தலர், அது உழைக்கும் மனிதருக்காகவே எழுதப்பட்டது என்று பொருள் கொண்டார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், விலங்கைக் கொடுமைசெய்து பழகியவன் பின்னர் மனிதனையும் கொடுமைசெய்வான், ஆதலின் அது தீது என்றார். அறிவுக்குப் பொருந்தும் விடைதான். எனினும் விலங்கு படும் துன்பத்தை அதனுடைய துன்பமாகவே கருதாத விடை என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலறிஞர் இவ்வாறு வாதிட, உழவர் வேறு வழி கண்டனர். 1587-ஆம் ஆண்டில் சவாய் நாட்டின் சேன் ஜூலியேன் என்னும் ஊரார், திராட்சைக் கொடிகளை அரித்த வண்டுகளின்மீது திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வண்டுகளுக்கு வழக்கறிஞரும் அமர்த்தப்பட்டார்! மனிதனுக்கு முன்பே படைக்கப்பட்டு, பெருகுங்கள் என்ற வாழ்த்தும் பெற்று, பயிர்களை உணவாகவும் பெற்ற உயிர்கள் இவை என்று அவர் ஆதியாகமத்தைக் கொண்டே வாதாடினார். ஊரார் கூடி, வண்டுகள் வாழ்வதற்கென ஒரு நிலத்தை ஒதுக்கித் தரவும் முன்வந்தனர். அந்நிலம் வளமற்றது என்று வழக்கறிஞர் மறுத்துவிட்டார். முடிவு என்னவாயிற்று என்று அறிய இயலாது. ஏட்டின் கடைசிப் பக்கம் சிதைந்துவிட்டது. அரித்தது எலியோ பூச்சியோ!

நகைப்புக்கு இடமான வழக்கு எனினும், பூச்சிக்கும் ஒரு பக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மன்று அது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஆர்தர் புரூம் என்னும் குருவானவர் 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நிறுவப் பாடுபட்டு, அச்சங்கத்தின் கடனுக்காகச் சிறையும் சென்றார். ஆயினும் அன்று கருணையின் வட்டத்திற்குள் வந்தவை குதிரை, மாடு, கழுதை முதலியனவே. எலியும் மூட்டைப்பூச்சியும் வெளியே நின்றன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கேள்வி மேலும் கடினமாயிற்று. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். 1898-இல் கராச்சியில் சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக் நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். அதன்பின் கொசுவைக் கொல்வது பிறனிடத்து அன்பின் கடமையாகவும் ஆயிற்று. மக்காரியுஸ் கொன்றது தம்மைக் கடித்ததற்காக. தாய் கொல்வது தொட்டிலில் உறங்கும் குழந்தைக்காக. செயல் ஒன்றே, நோக்கம் வேறு.

இந்தச் சிக்கலை மறைக்காமல் எதிர்கொண்டவர் ஆல்பர்ட் சுவைட்சர். இறையியல் அறிஞரும் மருத்துவருமாகிய அவர், 1913 முதல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் நோயாளருக்குத் தொண்டு புரிந்தார். உயிர்க்கெல்லாம் மதிப்பளித்தலே அறம் என்பது அவர் கொள்கை. உறக்க நோய்க்கு மருந்து கிடைத்ததற்காக அவர் மகிழ்ந்தார். ஆயினும் உருப்பெருக்கியின் கீழ் அக்கிருமிகளைக் காணும்போதெல்லாம், ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைப் பலியிடுகிறோமே என்று நினைந்ததாக எழுதினார். ஒருமுறை விராலடிப்பான் என்னும் பருந்தின் குஞ்சு ஒன்றை மீட்டார். அதை வளர்க்க வேண்டுமாயின் நாள்தோறும் சிறு மீன்களைக் கொல்ல வேண்டும். மீனைக் கொல்லவே துணிந்தார். ஆனால் அந்தப் பொறுப்பின் சுமையை ஒவ்வொரு நாளும் உணர்ந்தார். தேவையின்றிக் கொல்லாதே, தேவை நேர்ந்தால் அதை எளிதாக எண்ணாதே என்பது அவர் வழி.

இன்று எலி பிடிக்கும் ஒட்டுப்பலகையைக் கடைகளில் காண்கிறோம். அதில் சிக்கிய எலி, பல மணி நேரம் துடித்து மடியும். இங்கிலாந்தில் 2022-இல் இயற்றப்பெற்று 2024-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உரிமம் பெறாதோர் எலிக்கு அதை வைப்பதைக் குற்றமாக்கியது. எலியைக் கொல்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. நெடுநேரம் வதைப்பதையே தடுக்கிறது.

விலங்குகளின் நண்பர் என்று போற்றப்படும் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகளுக்கும் எலித் தொல்லை இருந்தது. வழியில் கிடக்கும் புழுவையும் மிதிபடாமல் எடுத்து ஓரமாக விட்டவர் அவர். 1225-இல் கண்ணொளி மங்கி, சான் தமியானோவில் நோயுற்றுக் கிடந்தபோது, எலிகள் அவர்மேல் ஓடி உறக்கத்தைக் கெடுத்தன. உணவு மேசையிலும் ஏறின. இது அலகையின் வேலை என்றே அவரும் உடனிருந்தோரும் எண்ணினராம். அந்நாட்களிலேதான் ஞாயிறு, திங்கள், காற்று, நீர், தீ, நிலம் ஆகியவற்றை உடன்பிறந்தாராக விளித்து இறைவனைப் போற்றும் தம் பாட்டை அவர் இயற்றினார். படைப்பனைத்தையும் பொதுவாகச் சுட்டும் அப்பாட்டில் எந்த விலங்கின் பெயரும் தனித்து வரவில்லை. எலியின் பெயரும் இல்லை.