தலைப்பாகையும் தண்டவாளமும்

பண்டாரவளைச் சுற்றுப்புறத்து விந்தைகளையும் வேடிக்கைகளையும் சேர்த்து வைப்பது எனது நெடுநாளைய பழக்கம். நூல்களிற் கண்டவை, முதியோர் வாயாற் கேட்டவை, இக்காலத்தில் இணையத்திலே உலவுபவை என அவை பலதரப்பட்டன. அவற்றுட் சிலவற்றை வாசக அன்பர் முன் வைக்கின்றேன்.

இன்று கைத்தொலைபேசி ஏந்தியோரெல்லாம் அறிந்த காட்சி, எல்லவை அடுத்துள்ள ஒன்பது வளைவுப் பாலம். 1921ஆம் ஆண்டளவில் கல்லும் செங்கல்லும் சீமெந்துங்கொண்டு எழுப்பப்பட்டது. படம் பிடிப்போர் தொகையை நோக்கின், அது புகையிரதத்துக்காகக் கட்டப்பட்டதா, புகைப்படத்துக்காகவா என்று ஐயுறத் தோன்றும்.

என் மனம் அதைக் கடந்து தெமோதரையிலேதான் போய் நிற்கும். அங்கே நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி, குன்றைச் சுற்றி வளைந்திறங்கி, தான் சற்றுமுன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்லும். 44 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் பாதை இறங்குதல் கூடாது. மலையோ அதற்கு இசையவில்லை. எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திரா சிந்தனையில் ஆழ்ந்திருந்த வேளையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். கண்டவர்க்கு வழி பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, சுவையானது. ஆயினும் ஒன்று என்னை உறுத்துகின்றது: கதை சொல்வோர் எஞ்சினியரின் பெயரைத் தலைப்பெழுத்தோடு கூறுவர்; கங்காணிக்கோ தலைப்பாகையொன்றே அடையாளம். 1924இல் பதுளையை எட்டிய அப்பாதையிலே கல் சுமந்தோரைப் பற்றிக் கதையேனும் இல்லை.

இனி அப்புத்தளைப் பக்கம் செல்வோம். தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலைக்கு வருமுன்னர் கிளாஸ்கோ நகரிலே மளிகைக்கடை வைத்திருந்தவர். கொழுத்த பன்றிகளை வீதியில் ஊர்வலம் விட்டு, 'லிப்டனின் அநாதைகள்' என்று எழுதிக் கட்டியவர் அவர். கடைக்குள் நுழைவோரை மெலிந்தவராகவும், வெளியேறுவோரைப் பருத்தவராகவும் காட்டும் கண்ணாடிகளை மாட்டினார். 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே மாபெரும் பாற்கட்டியொன்றினுள் பொற்காசுகளைப் புதைத்து விற்றார்! விளம்பரக்கலை பயில விரும்பும் மாணவர்க்கு இவரிலும் நல்லாசான் கிடைப்பது அரிது.

1890இல் அவர் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கியபின், அந்த வித்தையெல்லாம் தேயிலைக்குத் திரும்பிற்று. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க்கோப்பைக்கு என்பதே அவரது விளம்பரத்தின் சாரம். தேயிலைப் பெட்டிகளின் மேல் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைப் பல கம்பனிகளும் அச்சிட்டன. வண்ணம் நன்று, வடிவமைப்பு நன்று. அச்சித்திரத்தில் அட்டை கடிப்பதில்லை, மழை பெய்வதில்லை. அவள் எப்பொழுதும் புன்னகை புரிகின்றாள். பெயர் மட்டும் கம்பனியுடையது.

அந்தப் படம் கப்பலேறி உலகெங்கும் சென்றது. அதனிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை. படத்திலுள்ளாளின் இனத்தவர் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இரு நாட்டு ஒப்பந்தங்களால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இங்கே நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.