'ஒரு மூடி ஆயில்' கணக்கு சரியா? மரம் அறுக்கும் மெஷின் திடீரென ஜாம் ஆவது ஏன்?

தென்காசி மாவட்டம் திருவேங்கடம் போன்ற கரிசல் பகுதிகளில் சீமைக் கருவேல மரத்துக்குப் பஞ்சமே இல்லை. இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டதும் நினைவிருக்கலாம். கட்டை ரொம்பவே கடினம். வெயிலில் மணிக்கணக்கில் அறுத்தால் மெஷின் கொதிக்கும். இந்த நேரத்தில் பெட்ரோலில் கலந்த ஆயில் தப்பாக இருந்தால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அன்றைய கூலியும் போச்சு, பிஸ்டன் சிலிண்டர் செலவும் வந்தாச்சு.

பைக்கில் ஆயில் தனியாக இருக்கும். டூ ஸ்ட்ரோக் மெஷினில் அப்படி இல்லை. பெட்ரோலோடு போகும் ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றுக்கும் வழுவழுப்பு தருகிறது. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-க்கு ஆயில் கலந்து ஊற்றியவர்களுக்கு இது புதுசல்ல. ஆனால் மரம் அறுக்கும் மெஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும். டிவிஎஸ் 50 கனவிலும் தொடாத வேகம் அது. அதனால் குத்துமதிப்பு இங்கே எடுபடாது.

எவ்வளவு ஊற்றணும்?

50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. மூடியால் அளப்பதை விட, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கணக்கு என்பதை மெஷினோடு வரும் கையேடுதான் சொல்லும், பக்கத்து வயல்காரர் அல்ல. பெரிய கம்பெனி மெஷின்கள் பெரும்பாலும் 50:1 சொல்கின்றன. விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் 25:1 என்றிருக்கும். ஆயிலின் தரமும் இதில் சேர்ந்தது. ஸ்டில் நிறுவனத்தின் பழைய கையேடுகள் சிலவற்றில், தங்கள் ஆயில் என்றால் 50:1, வேறு ஆயில் என்றால் 25:1 என்றே இருக்கிறது.

2டி ஆயில் டப்பாவில் 'ஜாசோ' என்ற ஜப்பானியத் தரக் குறியீட்டைப் பாருங்கள். எஃப்.பி-யை விட எஃப்.சி-யில் புகை குறைவு. எஃப்.டி-யில் கரி படிவது இன்னும் குறைவு. பைக்குக்கு ஊற்றும் 4டி இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். படகு மோட்டார் ஆயிலும் இதற்கானது இல்லை. அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு, இது காற்றால் குளிர்வது.

'ஆயில் கூடினால் மெஷினுக்கு நல்லதுதானே' என்று நினைப்பவர்கள் உண்டு. கூடினால் பிளக் நனையும், சைலன்சர் பக்கம் கரி அடைக்கும், இழுவை குறையும்.

இப்போது புதுத் தலைவலி எத்தனால்

20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது இதுதான். ஆனால் மெஷின் கையேடுகள் பலவும் 10% எத்தனால் வரை மட்டுமே சம்மதிக்கின்றன. உங்கள் மெஷினுக்கு இ20 ஆகுமா என்பதை டீலரிடம் கேட்பதே சரி. சில மெஷின்களுக்கு கார்புரேட்டர் செட்டிங் மாற்ற வேண்டி வரலாம்.

பிரச்சினை ஈரத்தில் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷினின் உறிஞ்சு குழாய் இருப்பதோ டேங்கின் அடியில்! ஆயில் சரியாக அளந்து ஊற்றியும் மெஷின் ஜாம் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். திருவேங்கடத்துக் காய்ச்சலில் தப்பித்த கலவை, குற்றாலச் சாரல் சீசனில் வேலைக்குக் கொண்டுபோனால் காலை வாரலாம்.

அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கலாம். கலந்து ஒரு மாதம் தாண்டியதை ஊற்றாதீர்கள். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். டேங்கில் ஊற்றும் முன் கேனை மறுபடியும் குலுக்கணும். பல நாள் வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, அதன் டேங்கும் வேறு. இரண்டு மூடியும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்து ஊற்றுங்கள்.