எங்கள் வீட்டு இரண்டாவது நாய்

ஒரு வீட்டுக்கு முதலாவது நாய் பெரும்பாலும் தானாகவே வந்து சேர்ந்துவிடுகின்றது. மாரிகாலத்து இரவொன்றிலே படலையடியில் ஒதுங்கி நிற்கும். பிள்ளைகள் ஒரு பிடி சோறு வைப்பார்கள். விடிந்ததும் அஃது அவ்வீட்டு நாய் என்று அயலெல்லாம் ஒப்புக்கொண்டுவிடும். அங்கே தெரிவு என்பதற்கு இடமே இல்லை. இரண்டாவது நாயின் கதை வேறு. அதனை நாமே விரும்பி, நாமே தேடி, நாமே கொண்டுவருகின்றோம். ஆகவே அதனால் விளையும் நன்மைக்கும் தீமைக்கும் நாமே பொறுப்பாளிகள். இவ்வுண்மையை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. என் இளைய மகனின் வலக்கையில் இன்றும் தெரியும் இரண்டு சிறு தழும்புகள் அதற்குச் சாட்சி.

எங்கள் ஜிம்மி அவ்வாறு மழையில் வந்து சேர்ந்த ஊர் நாய். 2023 ஆம் ஆண்டிலே அதற்கு 9 வயதாகியிருந்தது. மோவாய் நரைத்து, விறாந்தையிலுள்ள பழைய சாக்கை விட்டு எழும்புவதற்கே யோசிக்கும் பருவம். அப்பொழுது என் மகளுக்கு 11 வயது. மகனுக்கு 6 வயது. ஜிம்மி தங்களோடு ஓடி விளையாடுவதில்லை என்பது பிள்ளைகளின் முறைப்பாடு. எனக்கோ உள்ளூர வேறொரு கவலை. ஜிம்மி ஒருநாள் இல்லாமற் போகும்போது பிள்ளைகள் தாங்கமாட்டார்களே, அதற்கு முன்னரே இன்னொன்று வந்துவிட்டால் துயரம் குறையுமே என்று எண்ணினேன். உயிரோடிருக்கும் ஒரு நாய்க்கு ஈடு தேடுகின்றோம் என்பது அன்று என் புத்தியில் உறைக்கவில்லை.

"ஒரு நாயைப் பாக்கவே இந்த வீட்டிலை ஆளில்லை, ரண்டாவது என்னத்துக்கு?" என்று என் தாயார் கேட்டார். அதற்கு நான் சிரித்தேனேயன்றி மறுமொழி கூறவில்லை.

சிறுவனாயிருந்த காலத்தில், பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு டாக்குத்தர் வீட்டு வாயிலில் அல்சேஷன் நாயொன்று நிற்கும். நிமிர்ந்த காதும் கம்பீரமான நடையுமாக அது நின்ற காட்சி என் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஆசை நாற்பது ஆண்டு காத்திருந்தது. ஆகவே, எனது மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கினேன். அதற்கு அப்போது 4 மாதம். பிறந்த இடத்திலே கம்பிக் கூட்டினுள் தனியே வளர்ந்தது. அங்கே பிள்ளைகள் இல்லை. தாய் நாயைக் காட்டும்படி நான் கேட்கவுமில்லை. காதுகளைப் பார்த்தேன், காலின் பருமனைப் பார்த்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சீசர் என்று பெயரும் வைத்தாயிற்று.

நாயின் இளமைக்குக் குருளை என்பது பெயர் எனத் தொல்காப்பிய மரபியல் கூறும். பன்றி, புலி, முயல் என்பவற்றின் இளமைக்கும் அப்பெயர் உரியது. மாணவர்க்கு இதனைப் பலமுறை கற்பித்த எனக்குச் சொல் தெரிந்திருந்தது, குருளையைத் தெரிந்திருக்கவில்லை.

வந்த ஏழாம் நாள் மாலை மகன் விறாந்தைப் படியிலிருந்து றொட்டி தின்றுகொண்டிருந்தான். ஒரு துண்டு நழுவிச் சீசரின் தட்டருகே விழுந்தது. அதனை எடுக்கக் குனிந்தான். சீசர் உறுமியதோ இல்லையோ, நான் கேட்கவில்லை; உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். மகனின் அலறலே எனக்குக் கேட்டது.

காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவினோம். பின்னர் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். அங்கே ஊசி மருந்து ஏற்றினார்கள். அடுத்த தவணைகளையும் குறித்துத் தந்தார்கள். நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்கும்படி வைத்தியர் பணித்தார். கடிக்கும் வேளையில் நாயின் உமிழ்நீரில் விசர்நோய்க் கிருமி இருந்திருப்பின், அந்நாய் அந்நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும் என்பது மருத்துவ நூலோர் துணிபு. 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் திகதி, பாரிஸ் நகரில் யோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் இந்நோய்க்கெதிரான மருந்தை முதன்முதல் ஏற்றச் செய்த வரலாற்றை வகுப்பறையில் எத்தனையோ முறை கூறியிருக்கின்றேன். அச்சிறுவனின் தாய் அன்று எப்படி நின்றிருப்பாள் என்பதை, என் மனைவி வைத்தியசாலை வாங்கில் மகனை மடியில் வைத்திருந்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பத்து நாளும் நான் விடியுமுன் எழுந்து, மாமரத்தடியில் கட்டியிருந்த சீசர் தண்ணீர் குடிக்கின்றதா என்று பார்ப்பேன். மகள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகப் புள்ளடியிட்டு வந்தாள். பத்தாவது புள்ளடி விழுந்த அன்றும் சீசர் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகவே நின்றது.

எங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் சென்று, "இது பொல்லாத நாயோ?" என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். "மாஸ்ரர், நாயிலை பிழையில்லை. நாலு மாதமாகப் பிள்ளையளைக் காணாத குட்டி. பிள்ளை எண்டால் என்னெண்டு அதுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

அதன் பின்னரே நூல்களைப் புரட்டினேன். அமெரிக்காவின் பார் ஹாபர் என்னும் ஊரிலிருந்த ஆய்வுகூடத்தில் யோன் போல் ஸ்கொட், யோன் புல்லர் என்னும் இருவர் ஐந்து இன நாய்களைப் பல்லாண்டு காலம் வளர்த்து ஆராய்ந்து, 1965 இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். குட்டி பிறந்த 3 ஆம் வாரம் முதல் 12 ஆம் வாரம் வரையுள்ள காலமே, அது பிற உயிர்களோடு பழகக் கற்கும் காலம் என்பது அவர்கள் கண்டது. 1961 இல் வெளியான இன்னோர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதர் பழக்கமின்றி வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகள் போலவே மனிதரைக் கண்டு அஞ்சின. நான் பணம் கொடுத்து வாங்கியது காதும் காலும். விலை கேட்டிருக்க வேண்டியதோ அந்த ஒன்பது வாரங்களுக்கு.

இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடு தனியே வசித்தார். நடந்ததை ஒன்றும் மறையாமற் கூறி, அவர் விருப்பத்தின்படி சீசரை அவரிடம் ஒப்படைத்தேன். அங்கே அது பொறுமையான கைகளில் நல்ல நாயாக வளர்ந்து வருகின்றது. அதனை ஏற்றிச் சென்ற அன்றிரவு மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் பிழை விட்டாலும் என்னையும் ஆரிட்டையேன் குடுத்துப்போடுவியளோ?"

சற்று நேரம் எனக்கு வாய் எழவில்லை. பின்னர், "சீசர் பிழை விடேல்லைப் பிள்ளை, கொண்டந்த நான்தான் பிழை விட்டனான்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றாள். என் மறுமொழி அவளுக்குப் போதுமானதாயிருந்ததோ, நான் அறியேன்.

ஓராண்டு கழித்தே இரண்டாவது நாயைப் பற்றி மீண்டும் பேசினோம். இம்முறை என் தாயாரின் கேள்வியிலிருந்தே தொடங்கினோம். பார்க்க யார் இருக்கின்றார்கள்? காலைச் சோற்றுக்கு மகள், மாலைச் சோற்றுக்கு மகன், அவனருகே எப்போதும் பெரியவர் ஒருவர். தடுப்பூசிச் செலவும் மருந்துச் செலவும் என்னுடையவை. இவற்றை எழுதிக் கணக்கிட்ட பின்னரே தேடப் புறப்பட்டோம்.

அயற்கிராமத்து வீடொன்றில், நான்கு பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்திலே, ஊர் நாயொன்று ஐந்து குட்டிகள் ஈன்றிருந்தது. முதலில் தாயைப் பார்த்தோம். அந்நியராகிய எங்களைக் கண்டு இரண்டு தரம் குலைத்துவிட்டு, வீட்டுக்காரரின் சொல்லுக்கு அடங்கிப் படுத்துக்கொண்டது. குட்டிகளுக்கு 8 வாரம். ஒன்று பாய்ந்து வந்து மற்றவற்றைத் தள்ளியது; இன்னொன்று விறகுக் குவியலின் பின்னே ஒளித்தது. செம்மை நிறப் பெட்டைக் குட்டியொன்று மெல்ல வந்து, மகனின் காலை மோந்து, சற்று விலகி, மறுபடியும் வந்தது. மகன் பயத்தோடு கையை நீட்டினான். அது நக்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சோடியாக் கொண்டுபோங்கோ, ரண்டும் விளையாடும்" என்றார் வீட்டுக்காரர். ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை ஒருங்கே வளர்த்தால் அவை தம்முள் ஒட்டிக்கொண்டு மனிதரைக் கவனியாமற் போகக்கூடும் என மிருக வைத்தியர் முன்னரே எச்சரித்திருந்தபடியால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். பெட்டை வேண்டாமென்று அயலார் சிலர் கூறினர். பெட்டைக் குட்டிகளைச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. மூத்த நாய் கடுவனாயிருப்பின், இளையது பெட்டையாயிருத்தல் சமாதானத்துக்கு உகந்தது என்றே அறிந்தோர் கூறுவர். குட்டி போடாதிருக்கச் செய்யும் சத்திரசிகிச்சையை உரிய காலத்தில் மிருக வைத்தியர் செய்து முடித்தார்.

ஆயினும் கடைசித் தீர்ப்பு ஜிம்மியினுடையது. குட்டிக்குச் செம்பி என்று பெயரிட்டோம். ஆனால் அதனை நேரே வளவினுள் கொண்டுபோகவில்லை. தன் வளவினுள் புகுந்த அந்நியனைத்தான் நாய் எதிர்க்கும். ஆகையால் ஜிம்மியை ஒழுங்கைக்குக் கொண்டுவந்து, கயிற்றைத் தளரவிட்டு, இரண்டையும் அங்கே சந்திக்க வைத்தோம். மோந்து பார்த்தபின் ஜிம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டும் பக்கம் பக்கமாக நடந்தே படலைக்குள் வந்தன.

அன்று தொட்டு எங்கள் வீட்டில் சில ஒழுங்குகள் உண்டு. தட்டுகள் இரண்டும் வெவ்வேறு மூலையில். உண்ணும் நாயருகே பிள்ளைகள் போவதில்லை. விறாந்தைச் சாக்கு ஜிம்மிக்கே உரியது. செம்பியின் சேட்டை பொறாமல் ஜிம்மி உறுமினால் நாங்கள் ஜிம்மியை அதட்டுவதில்லை. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கினால், பின்னொருநாள் எச்சரிக்கையின்றிப் பல் மட்டும் வரும். ஆகவே நாங்கள் செம்பியைத் தூக்கி அப்பாற் கொண்டுபோவோம். இரண்டுக்கும் ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி தவறுவதில்லை.

செம்பி வந்தமையால் ஜிம்மியின் இடம் எவ்வகையிலும் நிரம்பிவிடவில்லை. அதற்கு இப்போது கண் மங்கிவிட்டது. படலை திறக்கும் ஓசைக்குச் செம்பிதான் முதலில் எழும்பும்; ஜிம்மி படுத்தபடியே ஒரு தரம் குலைத்துத் தன் கடமையை முடித்துக்கொள்ளும். அது போகும் நாளில் பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள். அதனைத் தடுக்க இன்னொரு நாயைக் கொண்டுவருதல் ஆகாது என்பதை நானும் அவர்களும் இப்போது அறிவோம்.

மாலையில் மகன் இரண்டு தட்டுகளோடும் வருவான். ஜிம்மியின் தட்டை முதலில் வைப்பான். அது மோந்து வாய் வைக்கும் வரை சற்று எட்டி நின்று பார்த்துவிட்டு, செம்பியின் தட்டை மறு மூலைக்குக் கொண்டுபோவான். இவ்வாறு செய்யும்படி அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. நான் இப்போது பத்திரிகையை விறாந்தையிலிருந்தே வாசிக்கின்றேன்.