வீட்டு மூலையில் ஒரு நஞ்சு

ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பக்கம் ஆடியில் ஊன்றிய கண்வலிக்கிழங்கு, ஐப்பசிக்குள் பந்தல் முழுக்கப் பூத்துவிடுகிறது. செங்காந்தள் என்ற பெயரில் இதுதான் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. விவசாயிக்கோ அது விதை.

அந்த விதை லேசில் கிடைப்பதில்லை. பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையிலேயே பெண்கள் வயலில் இறங்கி, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். தை வாக்கில் காய் வெடித்தால் உள்ளே செம்மணிகளாக விதை.

மருந்துக் கம்பெனிகள் தேடுவது அதிலுள்ள கோல்ச்சிசினை. 1820இல் பிரான்சில் வேறொரு செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் இது. யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் கவுட் நோய்க்குப் பழைய மருந்து. 2023இல் அமெரிக்கா, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் மாத்திரையை அனுமதித்தது. அளவைக் கவனியுங்கள்: ஒரு மில்லிகிராமில் பாதி!

சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கும் இந்த அளவுக் கணக்கு தெரியும். கிழங்கை நறுக்கி, உப்பு மோரில் ஊறவைத்து, காயவைத்து, நாள்கணக்கில் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். தேள்கடிக்கும் தோல் நோய்க்கும் அரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. பிரசவம் தாமதமானால் அடிவயிற்றில் பற்றுப் போட்ட காலமும் இருந்தது. இன்று பக்குவம் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்; கிழங்கு மட்டும் விதைக்கிழங்காக வீட்டு மூலையில் சாக்கில் கிடக்கிறது.

விதையின் விலையை வியாபாரிதான் வைக்கிறார் என்பது விவசாயிகளின் முதல் குறை. நியாயமான குறைதான். ஆனால் அந்தச் சாக்கைப் பற்றிப் பேச ஆளில்லை.

கிழங்கிலும் இருப்பது அதே கோல்ச்சிசின்தான். செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்களை அது கட்டவிடாது. அதனால் வேகமாகப் பிரியும் குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் எல்லாம் அடிவாங்கும். கிழங்கைத் தின்ற ஒருவருக்கு உடல் முழுவதும் முடி கொட்டியதை 1966இல் இலங்கையிலிருந்து ஒரு மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்களும் உண்டு.

முதல் சில மணி நேரம் வாந்தி, பேதி மட்டுமே இருக்கும். சாதாரண வயிற்றுப்போக்கு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். உறுப்புகள் செயலிழப்பது அடுத்த ஓரிரு நாளில். கைவசம் முறிமருந்தும் இல்லை. எனவே கண்வலிக்கிழங்கு விளையும் ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது மிச்சக் கிழங்கையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும்.