வெள்ளீயச் சுரங்கத்தில் சைக்கிள் சவாரி!

மலை உச்சியில் ஒரு வேன் வந்து நிற்கிறது. அதன் பின்னால் வரிசையாகச் சைக்கிள்கள். ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் இறங்குகிறார்கள். தலையில் கவசம். முழங்காலில் பட்டை. கையில் உறை.

"சர்" என்று சைக்கிள் பாய்கிறது!

கீழே அடர்ந்த காடு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணி மரங்கள். அவற்றின் நடுவே பாம்பு போல வளைந்து ஓடுகிறது ஒற்றையடிப் பாதை. ஒரு பாறை மீது ஏறி, மறுபக்கம் குதித்து, மரப் பாலத்தைத் தாண்டிச் சைக்கிள் போகிறது. சில இடங்களில் பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஓர் இடத்தில் மலையைக் குடைந்த இருட்டுக் குகை. அதற்குள்ளும் சவாரி உண்டு!

இந்தக் குழாயும் குகையும் அங்கே எப்படி வந்தன? அது ஒரு பழைய கதை.

ஆஸ்திரேலியாவின் தெற்கே கடலுக்கு நடுவில் இருக்கும் தீவு டாஸ்மேனியா. அதன் வடகிழக்கு மூலையில், மலை இடுக்கில் இருக்கிறது டெர்பி என்ற சிறிய ஊர். லான்செஸ்டன் நகரத்திலிருந்து காரில் போனால் சுமார் ஒன்றரை மணி நேரம். ஊரில் குடியிருப்பவர்கள் 200 பேர்கூட இல்லை.

ஒரு காலத்தில் அங்கே 3 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள்!

குதிரையின் பெயர்

1874-ம் ஆண்டில் அந்தப் பகுதியில் வெள்ளீயம் கண்டுபிடிக்கப்பட்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அது இந்த வெள்ளீயம்தான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் இதில் செய்ததுதான்.

டெர்பியில் வெள்ளீயத்தைக் கண்டுபிடித்தவர்கள் குருஷ்கா என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள். அதனால் ஊருக்கு முதலில் "சகோதரர்கள் வீடு" என்றே பெயர் இருந்தது. பிறகுதான் டெர்பி ஆனது.

அங்கே இருந்த பெரிய சுரங்கத்தின் பெயர் பிரிசைஸ். அது ஒரு பெண் குதிரையின் பெயர். 1876-ம் ஆண்டு மெல்போர்ன் கோப்பைப் பந்தயத்தில் அந்தக் குதிரை வெற்றி பெற்றது. அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை! அந்தப் புகழ் எங்கும் பரவியிருந்த காலம் அது. சுரங்கத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த ராசியோ என்னவோ, சுரங்கமும் குதிரை வேகத்தில்தான் ஓடியது. நல்ல காலத்தில் மாதம் 120 டன் வரை வெள்ளீயம் கிடைத்தது.

எப்படி எடுத்தார்கள்? வீட்டில் அரிசியை அரிக்கும்போது என்ன நடக்கிறது? கல் கனமாக இருப்பதால் அடியில் தங்குகிறது. அரிசி தண்ணீரோடு வந்துவிடுகிறது. அதே முறைதான். வெள்ளீயக் கல் கறுப்பாக இருக்கும். தண்ணீரைப் போல ஏறக்குறைய 7 மடங்கு கனம். மலையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரை மண் மேட்டின் மீது பீரங்கி போலப் பீய்ச்சி அடிப்பார்கள். மேடு கரைந்து சேறாக ஓடும். அந்தச் சேற்றை நீண்ட மரத் தொட்டிகளில் விடுவார்கள். மணல் ஓடிவிடும். வெள்ளீயம் தங்கிவிடும்.

மிச்ச மண்ணை வெளியேற்ற, மலையைக் குடைந்து வழி செய்தார்கள். இன்று சைக்கிள் போகும் இருட்டுக் குகை அதுதான்.

அணை உடைந்தது!

இந்த வேலைக்கு ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஊருக்கு மேலே, கேஸ்கேடு என்ற ஆற்றில் சுரங்கத்துக்காக ஓர் அணை கட்டினார்கள்.

1929-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. மலையில் பேய் மழை. அணை நிரம்பி, உடைந்தது.

மலை இடுக்கு வழியாக வெள்ளம் பாய்ந்து வந்தது. மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்தது. சுரங்கம் மூழ்கியது. வீடுகள் அடித்துக்கொண்டு போயின. 14 பேர் மாண்டார்கள். இருந்ததே சிறிய ஊர். ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். 14 பேர் என்றால் அழாத வீடு ஏது?

5 ஆண்டுகள் சுரங்கம் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தார்கள். ஆனால் பழைய வளம் திரும்பவில்லை. 1948-ல் அடியோடு மூடிவிட்டார்கள். வேலை போனதும் மக்கள் மூட்டை கட்டினார்கள். கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. விலைக்கு வந்த வீட்டை வாங்க ஆள் இல்லை.

பாதை போட்டார்கள்

இப்படியே பல பத்து ஆண்டுகள் ஓடின. அப்போதுதான் சைக்கிள் யோசனை வந்தது. அந்த வட்டாரத்தின் இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் முன்வந்தன. ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுத்தது. 2015-ம் ஆண்டில் பாதைகள் திறக்கப்பட்டன. "புளூ டெர்பி" என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து மலையான புளூ டயரிலும் ஒரு காலத்தில் வெள்ளீயம் எடுத்தார்கள். அங்கிருந்தும் பாதை இறங்குகிறது.

மலையில் சைக்கிள் பாதை போடுவது எளிதான வேலை அல்ல. மண்ணை வெட்டித் தள்ளினால் மட்டும் போதாது. மழை பெய்தால் பாதையே வாய்க்கால் ஆகிவிடும். ஒரே மழைக்காலத்தில் குழி விழுந்து பாழாகிவிடும். அதனால் பாதையைச் செங்குத்தாக இறக்காமல், மலையைச் சுற்றிச் சுற்றி இறக்குகிறார்கள். பாதையின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் தாழ்வாக விடுகிறார்கள். இடையிடையே சிறு பள்ளமும் மேடும் வைக்கிறார்கள். தண்ணீர் அங்கங்கே வெளியே போய்விடும். ஓட்டுகிறவருக்கோ அந்த மேடு பள்ளம்தான் குஷி!

திருப்பங்களில் மண்ணைச் சுவர் போல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வேகமாக வரும் சைக்கிள் அதில் சாய்ந்து திரும்பும். வெளியே தூக்கி எறியப்படாது.

சைக்கிளும் நம் ஊர்ச் சைக்கிள் அல்ல. தடித்த டயர். அதில் முள் முள்ளாகப் பிடிப்பு. குலுக்கலைத் தாங்க மோட்டார் சைக்கிளில் இருப்பது போல ஷாக் அப்சார்பர். இறக்கத்தில் சீட்டை ஒரு பொத்தானால் தாழ்த்திவிடலாம்.

பாதைகளுக்கு நிறம் உண்டு. பச்சை என்றால் எளிது. குழந்தைகளும் போகலாம். நீலம் நடுத்தரம். கறுப்பு என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். ஒரு பாதைக்கு "23 தையல்" என்று பெயர்! பெயரைக் கேட்டதுமே உடம்பு கூசுகிறது. பழைய அணை இருந்த பக்கம் போகும் பாதைக்கு "அணை உடைப்பான்" என்று பெயர்.

2017-லும் 2019-லும் உலக அளவிலான மலைச் சைக்கிள் பந்தயம் டெர்பியில் நடந்தது. பல நாட்டு வீரர்கள் அந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள்.

வீடு எங்கே?

சாத்திய கடைகளுக்குப் பதிலாகப் புதிய கடைகள் வந்தன. சைக்கிள் பழுது பார்க்கும் கடை, வாடகைச் சைக்கிள் கடை, காப்பிக் கடை என்று தெரு கலகலப்பானது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாங்க ஆள் இல்லாமல் கிடந்த வீடுகளின் விலை ஏறிவிட்டது. பல வீடுகள் விருந்தினர் விடுதி ஆகிவிட்டன. வார விடுமுறைக்கு வருகிறவருக்கு வீடு கிடைக்கிறது. அந்த ஊரிலேயே வேலை பார்த்துக் குடியிருக்க நினைப்பவர் வீட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஊரைக் காலி செய்த கவலை போய், ஊரில் இடம் கிடைக்காத கவலை வந்திருக்கிறது!

மாலையில் சவாரி முடிந்து திரும்புகிறார்கள். சைக்கிளிலும் சட்டையிலும் ஒரே சேறு. சைக்கிளைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். பிறகு சிலர் ஊர் ஏரிக்குப் போகிறார்கள். அங்கே தண்ணீரில் ஒரு மர அறை மிதக்கிறது. உள்ளே அடுப்பு எரிகிறது. வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்துவிட்டு, கதவைத் திறந்து ஜில்லென்ற ஏரியில் தொப்பென்று குதிக்கிறார்கள்.

அந்த ஏரி எது தெரியுமா? சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம்தான்!